கிர்க்பாட்ரிக்கும் திருமுல்கேரியும்: குடும்பப் பெயர் எதற்குச் சான்று?

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே குடும்ப வரலாறும் இல்லை. ஆய்வரங்குகளின் தேநீர் இடைவேளைகளில் இக்கூற்று அடிக்கடி ஒலிக்கிறது. ஐரோப்பியர் தம் பெயரின் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டு பல நூற்றாண்டுகள் பின்னோக்கி நடந்துவிடுவர் என்றும், தமிழரோ ஒற்றைத் தலைப்பெழுத்தோடு தந்தையின் வாசற்படியிலேயே நின்றுவிடுவர் என்றும் அதற்கு விளக்கமும் தரப்படுகிறது. இவ்வாறு சொல்வோருள் பலர் தமிழ் ஆய்வாளர்களே என்பதுதான் வருந்தத்தக்கது.

இக்கூற்றுக்குள் மூன்று துணிபுகள் ஒளிந்துள்ளன. குடும்பப் பெயர் ஒற்றை மூலம் உடையது என்பது முதலாவது. அப்பெயர் இரத்த உறவைக் காட்டும் என்பது இரண்டாவது. அது இல்லாத சமூகம் ஆவணத்திற்கும் நூலடைவிற்கும் தகுதியற்றது என்பது மூன்றாவது. மூன்றுமே பிழை. பொதுவாக மறுப்பதைவிட ஒரு பெயரை எடுத்துச் சோதிப்பதே முறை. ஐதராபாத்தில் வாழும் தமிழ் ஆய்வாளர்க்கு அத்தகைய பெயர் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அது ஸ்காட்லாந்துப் பெயரான கிர்க்பாட்ரிக்.

ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் 1764இல் சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். பின்னர் ஐதராபாத்தில் கம்பெனியின் ரெசிடென்ட் ஆனவர். 1798 செப்டம்பரில் நிஜாம் அலி கானோடு துணைப்படை ஒப்பந்தம் ஏற்பட்டபோது கம்பெனியின் சார்பில் நின்றவர் அவரே. அவ்வொப்பந்தத்தின் விளைவாகக் கம்பெனிப் படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையம் இறங்கிற்று. அப்பாளையம் 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. 1857க்குப் பின் அதன் வடபகுதியில் ஐரோப்பியத் துருப்புகளுக்கென அரண் சூழ்ந்த முகாம் ஒன்று எழுந்தது. அதுவே திருமுல்கேரி. சென்னைப் படையோடு வந்த தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்து பிழைத்த தொழிலாளரும், சரக்கு வழங்கிய ஒப்பந்தக்காரரும் இப்பாளையத்தைச் சுற்றிக் குடியேறினர். திருமுல்கேரியில் தமிழ் ஒலிப்பதற்கு வழி திறந்த ஒப்பந்தத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் கையொப்பமாக நிற்கிறது.

முதலில் ஊர்ப்பெயரைப் பார்ப்பது நலம். மனிதர் பெயரில் நேரும் பிழை அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும். 'திருமுல்கேரி' என்று தமிழில் எழுதிப் பார்ப்பவர்க்குக் கேரி என்னும் ஈறு உடனே கண்ணில் படும். கன்னடத்தில் கேரி என்றால் தெரு. தமிழில் அதன் இணைச்சொல் சேரி. முன்பகுதியில் முல்லையைக் கண்டெடுப்பதற்கும் அதிக உழைப்பு வேண்டா. முல்லைச்சேரி என்று ஒரு பழந்தமிழ்க் குடியிருப்பு அரை மணி நேரத்தில் உருவாகிவிடும். ஆனால் தெலுங்கு வழக்கில் அவ்வூரின் பெயர் திருமலகிரி. ஆங்கிலேயர் தம் செவிக்குப் பட்டபடி அதை எழுதினர். தமிழர் அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திரும்பப் படித்துத் திருமுல்கேரி ஆக்கினர். இவ்வூரில் உள்ள கேரி, 'கிரி' என்பதன் ஆங்கிலத் திரிபேயன்றி வேறில்லை. ஐயம் உடையோர் நீலகிரியை நினைத்துக்கொள்ளட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் அம்மலை 'நீல்கெர்ரி' என்றே எழுதப்பட்டது. அங்கே ஒருவரும் சேரியைத் தேடியதில்லை.

திருமலகிரி என்பதிலும் கவனிக்க ஒன்று உண்டு. திருமலை என்பதிலேயே மலை இருக்கிறது. கிரி என்பதும் மலையே. ஆயினும் இது பேதைமையால் வந்த கூறியது கூறல் அன்று. திருமலை என்பது திருவேங்கடத்தைக் குறிக்கும் தனிப்பெயராகத் தெலுங்கு வழக்கில் உறைந்துவிட்டது. அத்தனிப்பெயரோடு வடமொழிக் கிரி சேர்ந்தது. இரண்டு மொழிகள் ஒரு பெயருக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. அதன்மேல் மூன்றாவது மொழியின் எழுத்துக்கூட்டல் போர்த்தப்பட்டது. இவ்வளவையும் ஒற்றை மூலம் என்று சொல்ல எந்த ஆய்வாளராலும் இயலாது.

இனிக் கிர்க்பாட்ரிக்கிற்கு வருவோம். அதன் பொருள் எளிது: பாட்ரிக்கின் கோயில், அதாவது புனித பாட்ரிக்கின் பெயரால் அமைந்த தேவாலயம். கிர்க் என்னும் சொல் சென்னைவாசிகளுக்கு அயலானதன்று. 1821இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட எழும்பூர்ப் புனித ஆந்திரேயர் ஆலயத்தை இன்றும் 'கிர்க்' என்றே பலர் அழைக்கின்றனர். ஸ்காட்லாந்தில் தேவாலயத்திற்கு அதுவே பெயர். அச்சொல் அங்கே பிறந்ததும் அன்று. ஆண்டவர்க்கு உரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று செருமானிய மொழிகளுக்குள் புகுந்து, வடநாட்டு நார்ஸ் மொழி பேசுவோரின் வாயில் கிர்க் வடிவம் பெற்றுத் தென்மேற்கு ஸ்காட்லாந்தை அடைந்தது. பாட்ரிக் என்பதோ இலத்தீனின் பட்ரீசியஸ். உயர்குடியினன் என்பது பொருள். அதைத் தாங்கிய புனிதர் உரோமானியப் பிரித்தானியாவில் பிறந்து அயர்லாந்தில் தொண்டு செய்தவர்.

சொற்கள் இவ்வாறாக, அவை நிற்கும் வரிசை வேறொரு மொழியினுடையது. செருமானிய மொழிகளின் இயல்புப்படி அடைமொழி முன்னே வரவேண்டும். நம் நாகர்கோவிலில் நாகர் முன்னும் கோவில் பின்னும் வருவதைப் போல அங்கும் பாட்ரிக் முன்னே வந்திருக்க வேண்டும். இப்பெயரிலோ கோயில் முன்னே நிற்கிறது. தெய்வப்பெயர் பின்னே நிற்கிறது. அது கேலிக் மொழியின் வரிசை. கேலிக் பேசியோர் வடநாட்டுச் சொல்லை வாங்கித் தம் இலக்கணப்படி அடுக்கியிருக்கின்றனர். ஆகக் கிரேக்க மூலமுடைய ஒரு சொல் நார்ஸ் வடிவில் நின்று, இலத்தீன் பெயரொன்றைக் கேலிக் இலக்கணத்தால் தழுவிக்கொண்டதே கிர்க்பாட்ரிக். தூய ஸ்காட்லாந்துக் குருதியின் அடையாளம் என்று விற்கப்படும் பெயருக்குள் நான்கு மொழிகள் குடியிருக்கின்றன. திருமலகிரியின் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இப்பெயர் மனிதரை வந்தடைந்த வழியும் கவனிக்கத்தக்கது. அது முதலில் ஊரின் பெயர். மனிதரின் பெயர் ஆனது பிறகே. டம்ஃபிரீஸ் வட்டாரத்தில் நித் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள குளோஸ்பர்ன் நிலங்களை 1232இல் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் ஐவோன் கிர்க்பாட்ரிக் என்பவர்க்குச் சாசனம் செய்தார். நிலம் உடையவர் நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டார். நிலம் மகனுக்குச் சென்றபோது பெயரும் உடன் சென்றது. குடும்பப் பெயர் நிலைபெற்றதற்கு அடிப்படை வாரிசுச் சொத்தே. பட்டா இருந்த இடத்தில் பெயர் நிலைத்தது; பட்டா இல்லாதோர்க்கு அது நிலைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஸ்காட்லாந்தின் வடபகுதி மலைநாட்டில் எளிய மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலும் தந்தை பெயர், பாட்டன் பெயர் சொல்லியே தம்மை அடையாளம் காட்டினர். வாடகைப் பதிவேடும் திருச்சபைப் பதிவேடும் வந்து நிலையான பெயர் கேட்டபோது பலர் தம் நிலக்கிழாரின் குலப்பெயரையே தமதாக எழுதிக்கொண்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று அக்குலத் தலைவரின் இரத்தம் தமக்குள் ஓடுவதாக நம்புகின்றனர்.

குளோஸ்பர்ன் என்னும் ஊர்ப்பெயரும் திருமுல்கேரியின் உடன்பிறப்பே. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்ப்பவர்க்கு அது 'அடைந்த ஓடை' என்றோ 'அருகிலுள்ள ஓடை' என்றோ தோன்றும். பர்ன் என்றால் ஸ்காட்லாந்தில் ஓடை. பழைய ஆவணங்களிலோ அது கிலோஸ்பெர்ன். கில் என்பது கேலிக்கில் கோயில். ஓஸ்பெர்ன் ஒருவருடைய பெயர். ஓஸ்பெர்னின் கோயில் காலப்போக்கில் ஓடையாகிவிட்டது. எழுத்துக்கூட்டலை நம்பி வேர் தேடுவோர் ஸ்காட்லாந்திலும் வழுக்கி விழுவர் என்பதற்கு கிர்க்பாட்ரிக் குடும்பத்தின் சொந்த ஊரே சான்று.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயராவது ஐதராபாத்தில் இருப்போர்க்குப் புதுச்செய்தி அன்று. தெலுங்கரின் இன்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர், பல குடும்பங்களில் மூதாதையர் ஊரைக் குறிப்பதே. 1952இல் ஐதராபாத் மாநில முதலமைச்சரான பூர்குல ராமகிருஷ்ண ராவின் பூர்குல ஓர் ஊர். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் சர்வபள்ளியும் ஓர் ஊர். கிர்க்பாட்ரிக்கும் பூர்குலவும் அமைப்பில் ஒரே வகை; ஒன்று இயற்பெயருக்குப் பின்னும் மற்றது முன்னும் வருகின்றன என்பது மட்டுமே வேறுபாடு. அந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு ஒன்றை வரலாறு என்றும் மற்றதை வெறும் வழக்கம் என்றும் பிரிப்பது ஆய்வு ஆகாது.

இனிப் பரவல். கிர்க்பாட்ரிக் என்னும் பெயருடையோர் எல்லாரும் ஐவோனின் வழியினர் என்று குலச்சின்ன வணிகர்கள் சொல்வர். பணம் கட்டினால் வண்ணக் கேடயம் ஒன்றும் அனுப்பிவைப்பர். தென்மேற்கு ஸ்காட்லாந்தின் வரைபடத்தைப் பார்த்தாலே இது கலைந்துவிடும். அங்கே கிர்க்பாட்ரிக்-ஃபிளெமிங், கிர்க்பாட்ரிக்-ஜக்ஸ்டா, கிர்க்பாட்ரிக் டர்ஹாம், கிர்க்பாட்ரிக் ஐயன்கிரே எனப் பல பங்குகள் உள்ளன. புனித பாட்ரிக்கிற்குக் கோயில் எழுந்த இடமெல்லாம் கிர்க்பாட்ரிக் ஆகலாம். அவ்விடத்திலிருந்து வெளியேறிய எவரும் அப்பெயரால் அழைக்கப்படலாம். தமிழ்நாட்டில் புதூர் என்னும் பெயருடைய ஊர்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினாலே இது விளங்கும். புதூரார் அனைவரும் ஒரு தாய் மக்கள் என்று சொல்லும் துணிவு எவர்க்கும் வாராது.

இதன் இணைப்பெயரான கில்பாட்ரிக் இன்னும் சிக்கலானது. கல்வியியல் மாணவர்கள் செயல்திட்ட முறையைப் படிக்கும்போது வில்லியம் ஹேர்ட் கில்பாட்ரிக்கை அறிந்திருப்பர். ஸ்காட்லாந்தில் அப்பெயர் பாட்ரிக்கின் கோயில் என்று பொருள்படும் ஊர்ப்பெயரிலிருந்து வரும். அயர்லாந்திலோ அதே எழுத்துவடிவம் 'பாட்ரிக்கின் அடியவர் மகன்' என்னும் கேலிக் பெயரின் சுருக்கமாகவும் வரும். ஒன்றில் ஊர், மற்றதில் அடியவர். எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஒரு கில்பாட்ரிக்கின் பெயரை மட்டும் வைத்து அவருடைய முன்னோர் எங்கிருந்தனர் என்று எவராலும் சொல்ல இயலாது.

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தியர் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேற்றப்பட்டபோது கிர்க்பாட்ரிக் அங்கே சென்றது. அடுத்த நூற்றாண்டில் அல்ஸ்டரிலிருந்து அட்லாண்டிக் கடந்து அமெரிக்கா சேர்ந்தது. பின்னர்க் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் பரவியது. இப்பரவலில் பெயரும் இரத்தமும் ஒரே வழியில் சென்றனவா? ஐக்கிய நாடுகள் அவையில் 1981 முதல் 1985 வரை அமெரிக்கத் தூதராக இருந்த ஜீன் கிர்க்பாட்ரிக், உலக அரசியலில் இப்பெயரை மிகுதியாக அறியச் செய்தவர். அவர் பிறந்தபோது ஜோர்டன்; கிர்க்பாட்ரிக் அவருடைய கணவரின் பெயர். டம்ஃபிரீஸ் வட்டாரத்துக் கொல்லரும், மிதிவண்டியின் முன்னோடியாகப் பலரால் போற்றப்படுபவருமான கிர்க்பாட்ரிக் மாக்மில்லனுக்கு அது இயற்பெயர். மூன்றாம் நெப்போலியனின் அரசியான யூஜினியின் தாய்வழிப் பாட்டனார் ஸ்பெயின் நாட்டு மாலகாவில் வணிகம் செய்த வில்லியம் கிர்க்பாட்ரிக். ஸ்பானிய வழக்கில் தாயின் குடும்பப் பெயரும் பிள்ளையைத் தொடரும் என்பதால் மட்டுமே அந்த உறவு பெயரில் பதிவாயிற்று. ஆங்கில வழக்கில் அது ஒரு தலைமுறையிலேயே மறைந்திருக்கும்.

அவ்வாறு மறைந்ததற்கு எடுத்துக்காட்டை ஐதராபாத்தே தருகிறது. முழு வழக்கின் உயிர்நிலையும் இங்கேதான் உள்ளது. ரெசிடென்ட் கிர்க்பாட்ரிக் ஐதராபாத்தின் உயர்குடிப் பெண்ணான கைருன்னிசாவை மணந்தார். அவர்க்கு நிஜாம் அளித்த பட்டம் ஹஷ்மத் ஜங். அப்பெயராலும் அவர் அறியப்பட்டார். 1801இல் மகனும் 1802இல் மகளும் பிறந்தனர். மகன் மீர் குலாம் அலி, சாகிப் ஆலம் எனப்பட்டான். மகள் நூருன்னிசா, சாகிப் பேகம் எனப்பட்டாள். 1805இல் இரு குழந்தைகளும் இங்கிலாந்திலிருந்த பாட்டனாரிடம் அனுப்பப்படும் வழியில் சென்னையில் தங்கியபோது, ஓவியர் ஜார்ஜ் சின்னரி அவர்களைத் தீட்டினார். ஓவியத்தில் அவர்கள் ஐதராபாத் உடையில் நிற்கின்றனர். கப்பல் புறப்பட்ட சில வாரங்களில், அக்டோபரில், தந்தை கல்கத்தாவில் இறந்தார். 1806 மார்ச்சில் இலண்டனின் மேரிலபோன் ஆலயத்தில் குழந்தைகளுக்கு ஞானமுழுக்கு நடந்தது. அன்று முதல் அவர்கள் வில்லியம் ஜார்ஜ் கிர்க்பாட்ரிக், கேதரின் அரோரா கிர்க்பாட்ரிக்.

தாய் 1813இல் இறந்தார்; பிள்ளைகளை மீண்டும் காணவில்லை. கிட்டி என்று அழைக்கப்பட்ட மகள் இளமையில் தாமஸ் கார்லைலின் அறிமுகத்திற்கு உரியவராக இருந்தார். 1829இல் கேப்டன் ஜேம்ஸ் வின்ஸ்லோ பிலிப்சை மணந்து பிலிப்ஸ் ஆனார். பிரிந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் ஐதராபாத்தில் தாய்வழிப் பாட்டி ஷரபுன்னிசா உயிரோடு இருப்பதை அறிந்து கடிதத் தொடர்பு கொண்டார். பாட்டியின் கடிதங்கள் பாரசீகத்தில் வந்தன. இருவரும் நேரில் சந்திக்கவில்லை. 1889இல் கிட்டி இங்கிலாந்தில் இறந்தார்.

இப்பெண்ணின் பெயர் வரலாற்றைக் குடும்பப் பெயரின் அன்பர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நூருன்னிசாவாகப் பிறந்து, கிர்க்பாட்ரிக்காகப் பதியப்பட்டு, பிலிப்சாக மறைந்தவர் அவர். குடும்பப் பெயர் அவருடைய தாயைப் பதிவு செய்யவில்லை. தாயை அழிப்பதற்கே அது பயன்பட்டது. பிறகு திருமணம் வந்து தந்தையின் பெயரையும் நீக்கியது. ஐதராபாத் ரெசிடென்டின் நேர் குருதியுடைய மகள் கிர்க்பாட்ரிக் அல்லர் ஆனார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொரு கண்டத்தில் அக்குருதிக்கு உறவற்ற ஒருவர் அப்பெயரால் உலகப் புகழ் பெற்றார். குடும்பப் பெயரைப் பிடித்து வரலாற்றில் பின்னோக்கி நடக்கலாம் என்போர் கிட்டியின் சுவடு எங்கே அறுபடுகிறது என்பதைக் காட்டட்டும். அவரை மீட்டுத் தந்தவை கடிதங்களும் ஓவியமும் ஞானமுழுக்குப் பதிவேடும் ஆகும். ஆய்வாளர்க்கு வேண்டியவை அவையே.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிடுவது நேர்மை ஆகாது. வரலாறு எவ்வாறாயினும், இன்றைய நூலகத்திற்கும் தரவுத்தளத்திற்கும் நிலையான குடும்பப் பெயர் வசதியானது என்பர். ஒரே பெயருடைய நூறு பேரைப் பிரித்தறிய அது உதவும் என்பர். கிர்க்பாட்ரிக்குகள் ஆயிரக்கணக்கில் உள்ள நாடுகளில் குடும்பப் பெயர் எவரையும் பிரித்தறிவிக்கவில்லை என்பது முதல் விடை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும் பணியை 2012 முதல் ஆர்க்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் எண் செய்துவருகிறது. அவ்வெண் எவருடைய பாட்டனாரையும் விசாரிப்பதில்லை. ஐஸ்லாந்து மக்களுள் பெரும்பாலோர் இன்றும் குடும்பப் பெயர் இன்றித் தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்னும் ஈற்றைச் சேர்த்தே வாழ்கின்றனர். அந்நாட்டுத் தொலைபேசி அடைவு இயற்பெயரின் அகரவரிசையில் அமைந்தது. அதனால் அங்கே அரசு நின்றுவிடவில்லை, நூலகமும் பூட்டப்படவில்லை.

வசதி என்னும் சொல் மறைக்கும் தீங்குகளும் உள்ளன. தமிழரின் பெயர் 'குடும்பப் பெயர்' கட்டத்திற்குள் தள்ளப்படும்போது தந்தையின் பெயர் ஆசிரியராகிறது. எழுதியவர் ஒற்றை எழுத்தாகச் சுருங்குகிறார். விசுவநாதன் ஆனந்தை உலகம் நெடுங்காலம் அவருடைய தந்தையின் பெயரால் விளித்தது அனைவரும் அறிந்ததே. சர். சி. வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் சிற்றப்பாவும் அண்ணன் மகனும் ஆவர். முன்னவர் 1930இலும் பின்னவர் 1983இலும் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றனர். குடும்பப் பெயர் நோக்கில் அவ்விருவர்க்கும் உறவே இல்லை. ராமனின் 'சி' என்னும் தலைப்பெழுத்தை விரித்தாலோ உறவு வெளிப்பட்டுவிடும்: ராமனின் தந்தை பெயர் சந்திரசேகர், பேரன் தாங்கியது அப்பாட்டனாரின் பெயர். தலைப்பெழுத்து தந்தையின் வாசலோடு நின்றுவிடும் என்று சொன்னவர் யார்? படிக்கத் தெரிந்தவர்க்கு அது பாட்டனாரின் கூடம் வரை வழிகாட்டுகிறது.

மற்றொரு தீங்கு இதனினும் கொடியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன் பின் தமிழ்நாட்டில் பெயரின் வால் பெரும்பாலும் உதிர்ந்தது. இன்று தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லாமைக்கு மறதியோ ஏழ்மையோ காரணம் அன்று. பெருமளவிற்கு அது தெரிந்தே செய்யப்பட்ட தேர்வு. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'உங்கள் குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கப்படும்போது, பல வேளைகளில் அக்கேள்வியின் உட்பொருள் 'உங்கள் சாதி என்ன?' என்பதே. தலைப்பெழுத்தோடு வந்து நிற்கும் மாணவரிடம் முழுப்பெயர் போதாது என்று கூறும் படிவம், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் கழற்றி வைத்த ஒன்றை மீண்டும் அணியச் சொல்கிறது. அந்தப் படிவத்தை வசதி என்று ஆய்வாளரே போற்றுவது தகுமா?

தலைப்பெழுத்து முறை குற்றமற்றது என்பதும் இங்கே வாதமன்று. அதுவும் பெரும்பாலும் தந்தையை மட்டுமே சுட்டுகிறது, தாயை விட்டுவிடுகிறது. திருமணத்தோடு பெண்ணின் தலைப்பெழுத்து மாற்றப்படும் வழக்கம் கிட்டிக்கு நேர்ந்ததன் தமிழ்ப் பதிப்பே. பழைய பெயர்களில் இருந்த ஊரின் எழுத்தும் இப்போது அருகிவிட்டது. இக்குறைகளைத் திருத்த வேண்டும். திருத்தம் வேறு, அயலார் முறையின் முன் மண்டியிடுதல் வேறு.

நூலடைவின் பெயரால் குடும்பப் பெயர் கேட்போர்க்கு இறுதியாக ஒருவரை நினைவூட்டலாம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும், 1934இல் பட்டியலாக்க விதித்தொகுப்பையும் வெளியிட்டவர். நூல்களை அடுக்குவது எவ்வாறு என்று உலகிற்குச் சொன்ன அவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. அவருடைய 'எஸ்' ஷியாலி, 'ஆர்' தந்தை ராமாமிர்தம், ரங்கநாதன் இயற்பெயர். ஷியாலி என்பது சீர்காழியின் ஆங்கிலத் திரிபு. திருமலகிரி திருமுல்கேரி ஆனதைப் போன்றதே. ஊர், தந்தை, தான் என மூன்றையும் ஒரு வரியில் அடக்கிய அப்பெயரில் இருப்பதைவிடக் கிர்க்பாட்ரிக் என்னும் ஒற்றைச் சொல்லில் என்ன கூடுதலாக உள்ளது? அதிலும் ஓர் ஊர்தான் இருக்கிறது. தந்தையும் இல்லை, தானும் இல்லை.

ஆய்வு மாணவர்கள் படிவத்தின் அந்தக் கட்டத்தின் முன் கூச வேண்டியதில்லை. கட்டுரை வெளியிடும்போது தம் பெயர் எவ்வாறு அச்சாக வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்து, முதற்கட்டுரை முதல் கடைசிக் கட்டுரை வரை அதையே எழுதினால் போதும். துறைகளும் இதழ்களும் 'குடும்பப் பெயர்', 'இயற்பெயர்' என்னும் இரு கட்டங்களை நீக்கி, 'முழுப்பெயர்', 'மேற்கோளில் இடம்பெற வேண்டிய வடிவம்' என்று கேட்கலாம். அதற்குச் செலவு இல்லை. குழு அமைக்க வேண்டியதும் இல்லை. அதுவரை, தமிழர்க்குக் குடும்ப வரலாறு இல்லை என்று சொல்ல வாயெடுப்போர், முதலில் தம் தலைப்பெழுத்தை விரித்து எழுதிப் பார்க்கட்டும்.